டவர் இருக்கும் வானத்தில் மோதாமல் பறப்பது: சிறு விமானம் ஓட்டுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2021 மே 12 காலை. அமெரிக்காவின் டென்வர் நகருக்குத் தெற்கே இருக்கும் சென்டெனியல் விமான நிலையம். அங்கே 17 இடது, 17 வலது என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். இரட்டை எஞ்சின் மெட்ரோலைனர் ஒன்று இடது ஓடுபாதைக்கு நேராக இறங்கி வந்துகொண்டிருந்தது. உள்ளே பைலட் மட்டும். சிரஸ் எஸ்ஆர்22 ஒன்று வலது ஓடுபாதைக்காகத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர். சிரஸ் தன் ஓடுபாதையின் நேர்கோட்டில் திரும்பி நிற்காமல் அதைத் தாண்டிப் போய் மெட்ரோலைனரின் முதுகில் இடித்தது. மெட்ரோலைனரின் உடல் பெரிதாகக் கிழிந்து திறந்துகொண்டது. அதன் பைலட்டுக்கு அது தெரியவே இல்லை. வலது எஞ்சின் போய்விட்டது போலிருக்கிறது என்று ரேடியோவில் சொல்லிவிட்டு ஒழுங்காகத் தரையிறக்கினார். சிரஸ் பைலட் விமானத்தோடு பொருத்தியிருக்கும் பாராசூட்டை இழுத்தார். முழு விமானமும் அதில் தொங்கியபடி செர்ரி கிரீக் நீர்த்தேக்கத்துப் பக்கம் இறங்கியது. மூன்று பேருக்கும் காயமில்லை.

பறக்கக் கற்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். காரணம், மோதிய இருவரும் டவரோடு, அதாவது விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு, பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் இறங்க அனுமதி கிடைத்திருந்தது. எல்லைக்குள் திருட்டுத்தனமாக யாரும் நுழையவில்லை. ரேடியோ கெட்டுப்போகவில்லை. ‘கண்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ்’ (கட்டுப்பாட்டு வான்வெளி) என்ற பெயரைக் கேட்டதும் மேலே யாரோ நம்மையெல்லாம் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தைக் கழற்றி வைத்தால்தான் கீழே சொல்லும் படிகள் எதற்கென்று புரியும்.

முதலில், டவர் உங்களுக்கு என்ன செய்து தருகிறது?

அமெரிக்க விதிகளை வைத்தே சொல்கிறேன். நான் கற்றதும் பறப்பதும் அங்கேதான். பெரிய விமான நிலையங்களைச் சுற்றியிருப்பது பி வகுப்பு வான்வெளி. அங்கே அனுமதி வாங்காமல் நுழைய முடியாது; நுழைந்த பிறகு எல்லா விமானங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைப்பது கண்ட்ரோலரின் கடமை. அடுத்தது சி வகுப்பு. அங்கே ரேடார் உண்டு. ஆனால் கருவிகளை நம்பி ஐஎஃப்ஆர் விதியில் வரும் விமானத்திலிருந்துதான் உங்களைப் பிரிப்பார்கள். கண்ணால் பார்த்துப் பறக்கும் இரண்டு விஎஃப்ஆர் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கினால் கிடைப்பது தகவல் மட்டுமே.

பல பயிற்சிப் பள்ளிகள் இருப்பது டி வகுப்பில். பொதுவாகத் தரையிலிருந்து 2,500 அடி வரை, சுற்றிலும் நாலைந்து மைல். இங்கே டவர் செய்வது வரிசைப்படுத்துவது: நீ முதலில், அவர் இரண்டாவது. ஓடுபாதையில் ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் அதில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மற்றபடி வேலைச்சுமை இடம் கொடுக்கும் அளவுக்கு, இன்ன திசையில் இன்னொரு விமானம் இருக்கிறது என்று சொல்வார்கள். காற்றில் இரண்டு விஎஃப்ஆர் விமானங்களுக்கு இடையே இத்தனை அடி இடைவெளி வைக்க வேண்டும் என்ற பொறுப்பு அவர்களுக்கு இல்லை. அந்தப் பொறுப்பு 91.113 என்ற விதியில் பைலட்டின் தலைமேல் இருக்கிறது: வானிலை பார்க்க இடம் கொடுத்தால், பார், விலகு. எந்த வகுப்பாக இருந்தாலும், டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது மாறாது.

படி 1: எஞ்சினைத் தொடங்கும் முன்

வரைபடத்தை விரித்து நாலு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள். போகும் இடத்தில் எத்தனை ஓடுபாதை, எதற்கு எந்தப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும்? டவருக்கு ஒரு அலைவரிசையா, இரண்டா? பக்கத்தில் பயிற்சி நடக்கும் பகுதி எது? எல்லோரும் ரேடியோவில் பெயர் சொல்லும் அடையாளங்கள் எவை? நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏரி, அணைக்கட்டு, நெடுஞ்சாலைச் சந்திப்பு என்று வரைபடத்தில் கொடி போட்டுக் காட்டியிருக்கும் இடத்துக்கு மேலேதான் எல்லா விமானங்களும் வந்து குவியும். அதற்கு நேர் மேலே போகாமல் ஒரு மைல் தள்ளிப் போய், எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்பதையும் டவரிடம் சொல்லிவிடலாம்.

எல்லைக்கோடுகளை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1986 ஆகஸ்ட் 31 சாட்சி. லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸில், அனுமதி இல்லாமல் பெரிய விமானங்களின் வான்வெளிக்குள் நுழைந்துவிட்ட சிறிய பைப்பர் ஒன்று ஏரோமெக்சிகோ டிசி-9 மீது மோதியது. வானிலும் தரையிலுமாக 82 பேர் இறந்தார்கள். இன்று நாம் உயரத்தை ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் போட்டுக்கொண்டு பறப்பதற்கும், பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி இருப்பதற்கும் அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

பிறகு கண்ணாடியைத் துடையுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டிச் செத்த பூச்சியும் இரண்டு மைல் தள்ளி வரும் விமானமும் ஒரே மாதிரிதான் இருக்கும். பத்து தடவை பூச்சியைப் பார்த்து ஏமாந்த கண் பதினோராவது தடவை விமானத்தையும் பூச்சி என்று விட்டுவிடும். டேப்லெட்டில் பார்க்க வேண்டியதையெல்லாம் தரையிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். கூட வருபவரிடம், “எந்த விமானம் கண்ணில் பட்டாலும், நான் பார்த்திருப்பேன் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள், கையை நீட்டிக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். என் அம்மா ஒருமுறை கூட வந்தபோது எனக்கு முன்னால் மூன்று விமானங்களைக் கண்டுபிடித்துச் சொன்னார். முதல் தடவை பறப்பவர்கள் வெளியே பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கண்களை வீணாக்காதீர்கள்.

படி 2: கூப்பிடும் முன் கேளுங்கள்

பதினைந்து மைல் தொலைவிலேயே வானிலைப் பதிவைக் கேட்டுவிட்டு டவர் அலைவரிசைக்கு வந்துவிடுங்கள். இரண்டு நிமிடம் வாயைத் திறக்காமல் கேளுங்கள். யார் டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிர்த்திசையில்) போகிறார், யார் நேராக வருகிறார், எந்தப் பயிற்சி விமானம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று மனதில் ஒரு படம் வரையுங்கள். தொடையில் கட்டிய அட்டையில் பென்சிலால் குறித்தாலும் நல்லது. அந்தப் படம் கையில் இருந்தால்தான் பின்னால் டவர் சொல்லும் ஒரு வாக்கியம் பொருந்துகிறதா, உதைக்கிறதா என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் அழைப்பில் நான்கு விஷயம்: நீங்கள் யார், எங்கே, எந்த உயரம், என்ன வேண்டும். டவர் உங்கள் அழைப்புக்குறியை (ரேடியோவில் உங்கள் விமானத்தின் பெயர்) சொல்லிப் பதில் தந்தால், அது ‘ஸ்டாண்ட்பை’ என்ற ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் டி வகுப்புக்குள் நுழையலாம். அழைப்புக்குறியே சொல்லாமல் “அழைத்த விமானம், காத்திருங்கள்” என்றால் வெளியே வட்டமடியுங்கள்.

எங்கே இருக்கிறீர்கள் என்பதில் பொய் வேண்டாம். ஏழு மைலில் இருந்துகொண்டு ஐந்து என்று சொல்வதைச் சின்ன விஷயமாக நினைக்கிறோம். ஆனால் டவரில் இருப்பவர் மனதில் வரையும் படத்துக்கு நம் வார்த்தைதான் மை. அந்தப் படம் தப்பானால் என்ன ஆகும் என்பது 2015 ஆகஸ்ட் 16 அன்று சான் டியகோ அருகே பிரவுன் ஃபீல்ட் விமான நிலையத்தில் தெரிந்தது. டவுன்விண்டில் பறந்துகொண்டிருந்த செஸ்ஸ்னா என்ற சிறு விமானத்தை, கண்ட்ரோலர் வேறொரு செஸ்ஸ்னா என்று எடுத்துக்கொண்டார். அதை வழியிலிருந்து விலக்க அவர் கொடுத்த உத்தரவு வேறு இடத்தில் இருந்த அந்த இன்னொரு விமானத்துக்குப் போனது. வழி காலியாகிவிடும் என்ற நம்பிக்கையில் சேபர்லைனர் ஜெட்டை ஓடுபாதை நோக்கித் திருப்பினார். ஐந்து பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் கண்ட்ரோலரின் தவறு என்றுதான் விசாரணை சொன்னது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. ஒரே ரகத்தில் பல விமானங்கள் சுற்றும்போது, பதில் சொல்கையில் இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்: “டவருக்கு நேராக, வலது டவுன்விண்டில் இருக்கிறேன்.” மூன்று விநாடி கூடுதல் பேச்சு. அதேபோல், எனக்கு வர வேண்டிய உத்தரவு வேறு அழைப்புக்குறிக்குப் போனது போலத் தோன்றினால், உடனே கேட்டுவிடுவேன். தயங்கிக்கொண்டிருக்கும் இடம் அதுவல்ல.

படி 3: கண்ணைப் பழக்குங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் நம் கண் இந்த வேலைக்காகப் படைக்கப்பட்டதல்ல. கூர்மையாகப் பார்க்கும் பகுதி விழித்திரையின் நடுவில் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த நகத்தளவுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மீதியெல்லாம் மங்கல், அசைவு இருந்தால் மட்டும் கவனிக்கும்.

மோதப் போகும் விமானமோ அசையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் தனியாகப் பறக்கக் கூடாது என்பது என் கருத்து. இரண்டு விமானங்கள் ஒரே புள்ளியை நோக்கிச் சீராகப் போனால், உங்கள் கண்ணாடியில் மற்றது ஒரே இடத்தில் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் நகர்கிறது என்றால் அது விலகிப் போகிறது. நகராமல் மெல்லப் பருக்கிறது என்றால் அது உங்களுக்காக வருகிறது. அந்தப் பருமனும் கடைசிச் சில விநாடிகளில்தான் திடீரென்று விரியும்.

அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ, மோதலைத் தவிர்ப்பது பற்றிய தன் அறிவுரையில் ஒரு கணக்குத் தருகிறது. பொருளைப் பார்க்க 0.1 விநாடி, அது விமானம் என்று அறிய 1, மோதல் பாதையில் இருக்கிறோம் என்று உணர 5, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4, கை அசைய 0.4, விமானம் திரும்ப 2. மொத்தம் 12.5 விநாடி. ஆளுக்கு 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு பயிற்சி விமானங்கள் அந்த நேரத்துக்குள் முக்கால் கடல் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தைத் தின்றுவிடும். அதாவது முக்கால் மைலுக்கு அப்பால் கண்டுபிடிக்காவிட்டால், தலைவிதிதான் விட வேண்டும்.

ஆகவே கண்ணை வானம் முழுக்க வழுக்கவிட்டுப் பயனில்லை. ஓடும் கண் எதையும் பிடிக்காது. வானத்தைப் பத்து டிகிரி துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விநாடியாவது கண்ணை நிறுத்துங்கள், அடுத்ததற்குப் போங்கள். இடையில் கருவிகளை ஒரு பார்வை; மீண்டும் வெளியே. பனிமூட்டமாகவோ வெறும் நீலமாகவோ இருக்கும் நாளில் கண் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் சில அடி தூரத்திலேயே குவிந்து நின்றுவிடும். நீங்கள் தொலைவைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அடிவானத்தில் ஒரு மலையையோ மேகத்தையோ ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டுப் பிறகு துண்டு துண்டாகத் தேடுங்கள்.

தலையையும் அசையுங்கள். கண்ணாடிச் சட்டத்தின் ஒரு கம்பி போதும், ஒரு விமானத்தை முழுதாக மறைக்க. அது மோதல் பாதையில் இருந்தால் கடைசிவரை அங்கேயே மறைந்திருக்கும். செஸ்ஸ்னா போல இறக்கை மேலே இருக்கும் விமானத்தில், திரும்பும் முன் திரும்பும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள், ஏனென்றால் திருப்பத்தில் அது கீழிறங்கி உங்கள் பார்வையை மூடிவிடும். மேலேறும்போது மூக்கு முன்பக்கத்தை மறைக்கும். சில நூறு அடிக்கு ஒருமுறை இடம் வலமாகச் சற்று ஒடித்துப் பாருங்கள்.

படி 4: சர்க்யூட்டில் வேகம்தான் எல்லாம்

சர்க்யூட் என்பது இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றி வரும் பாதை: முதலில் டவுன்விண்ட், பிறகு குறுக்காகத் திரும்பும் பேஸ், கடைசியாக ஓடுபாதைக்கு நேராக வரும் ஃபைனல். சிறு விமான மோதல்களில் பெரும்பாலானவை நல்ல வெளிச்சத்தில், நல்ல வானிலையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நடப்பவை. நேருக்கு நேர் மோதுவது குறைவு. பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ ஒன்று மற்றதன் மேல் ஏறுவதுதான் அதிகம். ஃபைனலில் இதற்கு ஒரு பழைய வடிவம் உண்டு: இறக்கை கீழே இருக்கும் பைப்பர் மேலே, இறக்கை மேலே இருக்கும் செஸ்ஸ்னா கீழே. இவருக்கு அவர் தெரியமாட்டார், அவருக்கு இவர் தெரியமாட்டார். ஃபைனலுக்குத் திரும்பும் முன் நீண்ட ஃபைனலில் யாராவது வருகிறார்களா என்று வெளிப்புறம் பார்ப்பதை ஒருநாளும் விடாதீர்கள்.

இப்போது சென்டெனியலுக்குத் திரும்புவோம். சிரஸ் பைலட் ஏன் தாண்டிப் போனார்? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி, அவர் தனக்குக் கொடுத்த ஓடுபாதையின் கோட்டில் நிற்கத் தவறியதை முதன்மைக் காரணமாகச் சொன்னது. பரிந்துரைத்ததைவிட அதிக வேகத்தில் வந்ததால் திருப்பம் அகன்றது என்பதையும், மெட்ரோலைனர் பைலட்டுக்குச் சிரஸ் பற்றிக் கண்ட்ரோலர் சொல்லாததையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது.

வேகம் திருப்பத்தை எவ்வளவு அகலமாக்கும்? 30 டிகிரி சாய்த்து 80 நாட்டில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 300 மீட்டர். 100 நாட்டில் 470. 120 நாட்டில் 670. வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் ஆரம் இரண்டேகால் மடங்கு ஆகிறது. 80 நாட்டுக்குப் பழகிய இடத்தில் 120 நாட்டோடு திருப்பத்தைத் தொடங்கினால் 370 மீட்டர் தாண்டிப் போவீர்கள். நெருக்கமான இணை ஓடுபாதைகளில் அது பக்கத்துக் கோட்டுக்கும் அப்பால்.

உயரமான ஊரில் இன்னொரு சங்கதி. சென்டெனியல் கடல் மட்டத்திலிருந்து 5,885 அடி. அங்கே சர்க்யூட் உயரத்தில் முள் 80 நாட் காட்டினாலும் மெல்லிய காற்றில் உண்மையான வேகம் 90-ஐத் தொடும். 300 மீட்டர் ஆரம் 380 ஆகிவிடும். பேஸ் காலில் பின்காற்று இருந்தால் இன்னும் தள்ளும். கடலோர ஊரில் கற்ற கை, மலையூரில் திருப்பத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியது: டவுன்விண்டிலேயே உங்கள் விமானத்தின் கையேடு சொல்லும் வேகத்துக்கு வந்துவிடுங்கள். பேஸில் திரும்பும்போது ஓடுபாதைக் கோட்டைக் கண்ணால் நீட்டி, அது உங்களை வந்தடையும் முன்பே திருப்பத்தைத் தொடங்குங்கள். தாண்டப் போகிறது என்று தெரிந்த நொடியில் இன்னும் சாய்த்து இழுத்துப் பிடிக்கப் பார்க்காதீர்கள். தாழ்வில், குறைந்த வேகத்தில் அப்படி இழுத்தால் விமானம் ஸ்டால் ஆகி (இறக்கை தூக்குவிசையை இழந்து) சுழன்று விழும். கோ-அரவுண்ட் போங்கள், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறுங்கள், டவரிடம் சொல்லுங்கள், அவர் சொல்லும் பக்கம் போங்கள். கோ-அரவுண்ட் போனதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். பத்து தடவை போயிருந்தாலும் பதினோராவது தடவையும் போங்கள்.

படி 5: இணை ஓடுபாதைகளில் இடமா வலமா

2022 ஜூலை 17, நார்த் லாஸ் வேகாஸ் விமான நிலையம். பைப்பர் ஒன்றுக்கு 30 இடது கொடுக்கப்பட்டிருந்தது. அது 30 வலதை நோக்கி இறங்கியது. அங்கே ஏற்கெனவே ஒரு செஸ்ஸ்னா 172 இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் இறந்தார்கள். இறுதி நிமிடத்தில், நீண்ட பயணத்தின் முடிவில், ஒரே நிறத்தில் கிடக்கும் இரண்டு பட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நாம் நினைப்பதைவிடக் கஷ்டம்.

அனுமதி கிடைத்ததும் ஓடுபாதை எண்ணையும் பக்கத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பேஸில் வரும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: “30 இடது. பேஸிலிருந்து பார்த்தால் அது எனக்குக் கிட்ட இருப்பதா, தள்ளி இருப்பதா?” இந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றி வருகிறது. இடது பேஸிலிருந்து வந்தால் இடது ஓடுபாதை கிட்டத்தில். வலது பேஸிலிருந்து வந்தால் அது தூரத்தில், அதைப் பிடிக்க வலது ஓடுபாதையின் கோட்டைக் கடக்க வேண்டும். கருவி வழிகாட்டுதல் இருக்கும் ஓடுபாதையானால், கண்ணால் இறங்கினாலும் அதைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் நீங்கள் பக்கத்துப் பட்டையில் இருக்கிறீர்கள். எண்ணில் துளி சந்தேகம் என்றாலும் டவரைக் கேளுங்கள்.

சென்டெனியல் போன்ற இடங்களில் இரண்டு ஓடுபாதைக்கும் தனித்தனி அலைவரிசை, தனித்தனி கண்ட்ரோலர் இருக்கலாம். அப்போது பக்கத்துக் கோட்டில் வருபவரின் குரல் உங்கள் காதில் விழாது. படி 2-இல் வரைந்த படத்தில் பாதி காலியாக இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் பாதியைக் கண்ணால் நிரப்புங்கள்.

படி 6: ‘டிராஃபிக் இன் சைட்’ என்று எப்போது சொல்லலாம்

நான் தனியாகப் பறக்கத் தொடங்கிய மாதம். டவர், எனக்கு இரண்டு மணித் திசையில் (கடிகாரத்தில் 2 இருக்கும் பக்கம், அதாவது வலது முன்பக்கம்) ஒரு செஸ்ஸ்னா ஃபைனலில் வருகிறது, அதைப் பின்தொடர் என்றது. பார்த்தேன், ஒரு வெள்ளை விமானம். “டிராஃபிக் இன் சைட்” என்றேன், அதாவது அந்த விமானம் என் கண்ணில் பட்டுவிட்டது என்று. அது கடந்ததும் பேஸுக்குத் திரும்பினேன். நான் பார்த்தது வேறு விமானம். பின்தொடர வேண்டிய செஸ்ஸ்னா இன்னும் ஃபைனலில் வந்துகொண்டிருந்தது; என் இடதுபுறக் கண்ணாடி முழுக்க அதுவாக இருந்தது. டவர் என்னை வெளியே திருப்பிவிட்டது. அன்று இரவு என் பயிற்சியாளர் திட்டவில்லை. “நீ அந்தச் சொல்லைச் சொன்ன நொடியில் அதன் பின்னால் உன்னை வரிசைப்படுத்தும் பொறுப்பு டவர் கையிலிருந்து உன் கைக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளும் முன் என்ன வாங்குகிறாய் என்று பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். இன்றுவரை அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது.

ரகம், திசை, உயரம், எந்தப் பக்கம் போகிறது: நான்கும் பொருந்தினால் மட்டும் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் “தேடுகிறேன்” என்பது மரியாதையான பதில். பார்த்தது கண்ணிலிருந்து மறைந்தால், மறைந்துவிட்டது என்று உடனே சொல்லுங்கள். 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியகோவில் பிஎஸ்ஏ நிறுவனத்தின் போயிங் 727 ஒரு செஸ்ஸ்னா 172 மீது மோதி 144 பேர் இறந்த விபத்தில், போயிங் குழு செஸ்ஸ்னாவைப் பார்த்துவிட்டதாகச் சொன்னது. பிறகு அதைத் தவறவிட்டது. தவறவிட்டதைக் கண்ட்ரோலருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அனுபவம் மிகுந்த பைலட்டுகள், தெளிந்த காலை.

படி 7: திரையை எவ்வளவு நம்பலாம்

2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பல வான்வெளிகளில் விமானங்கள் தம் இடத்தையும் உயரத்தையும் ஏடிஎஸ்-பி என்ற கருவி மூலம் ஒலிபரப்ப வேண்டும். அதைப் பெறும் கருவி இருந்தால் சுற்றியுள்ள விமானங்கள் டேப்லெட்டில் முளைக்கும். இது உண்மையிலேயே பெரிய கொடை. வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். ஆனால் டி வகுப்பு என்பதற்காக மட்டும் அது கட்டாயமில்லை. பெரிய விமான நிலையத்தைச் சுற்றிய 30 மைல் வளையத்துக்குள் வந்தால்தான் கட்டாயம். மின் அமைப்பே இல்லாமல் செய்த பழைய விமானங்களுக்கு விலக்கும் உண்டு. ஆகவே திரையில் இல்லாதது வானத்திலும் இல்லை என்று கொள்ளாதீர்கள்.

என் முறை இது: சர்க்யூட்டுக்கு வெளியே திரையைப் பார்த்து எந்தத் திசையில் தேட வேண்டும் என்று முடிவு செய்வேன், பிறகு கண் வெளியே. சர்க்யூட்டுக்குள் வந்ததும் ஒலி எச்சரிக்கையை மட்டும் காதுக்கு விட்டுவிட்டுத் திரையை மறந்துவிடுவேன். இறங்கு விளக்கை நிலையத்துக்குப் பத்து மைலுக்குள் எப்போதும் போட்டு வைப்பேன், பகலிலும்.

படி 8: கண்டுவிட்டீர்கள், நெருங்குகிறது

நேருக்கு நேர் என்றால் இருவரும் வலது பக்கம். குறுக்கே வந்தால், உங்களுக்கு வலப்புறம் இருப்பவருக்கு முன்னுரிமை, நீங்கள் விலகுங்கள். முந்துபவர் வலது பக்கமாக விலகி முந்த வேண்டும். இறங்கும்போது தாழ்வில் இருப்பவருக்கு முன்னுரிமை. ஆனால் அதைச் சாக்காக வைத்து ஒருவருக்கு முன்னால் நுழையக் கூடாது. இவை விதிகள். விதிப்படி மற்றவர்தான் விலக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர் உங்களைப் பார்க்கவே இல்லாமல் இருக்கலாம். திரும்பும்போது அடிவயிற்றை அவருக்குக் காட்டித் திரும்பினால் அவரைக் கண்ணிலிருந்து இழந்துவிடுவீர்கள். முடிந்தால் கண்ணில் வைத்துக்கொண்டே விலகுங்கள். முதலில் விமானத்தைத் திருப்புங்கள், பிறகு டவரிடம் பேசுங்கள். அவசரத்தில் உத்தரவிலிருந்து விலக விதி இடம் தருகிறது.

படி 9: தப்பித்த பிறகு

500 அடிக்குள் இன்னொரு விமானம் வந்துபோனால் அது ‘கிட்டத்தட்ட மோதல்’ என்று எஃப்ஏஏவிடம் தெரிவிக்கத்தக்கது. ரேடியோவிலேயே சொல்லலாம். அதோடு 1976 முதல் நாசா நடத்திவரும் ஏஎஸ்ஆர்எஸ் என்ற ரகசிய அறிக்கை முறைக்கும் எழுதுங்கள். உங்கள் பெயரை நீக்கிவிட்டுத்தான் அதைத் தொகுப்பில் சேர்ப்பார்கள். தவறு உங்களுடையதாக இருந்து, அது வேண்டுமென்று செய்ததல்ல என்றால், பத்து நாளுக்குள் எழுதியவருக்குத் தண்டனையிலிருந்து விலக்குப் பெறவும் வழி இருக்கிறது. நான் அந்தச் செஸ்ஸ்னாவைப் பற்றி எழுதியது நான்காம் நாள். படிவத்தில் எந்தத் திசையில், எந்த உயரத்தில், வெயில் எந்தப் பக்கம், நான் என்ன சொன்னேன், எதைப் பார்த்து அப்படிச் சொன்னேன் என்று வரிசையாக எழுதினேன். எழுதிக்கொண்டு வரும்போதுதான், அன்று டவர் சொன்ன உயரத்தை நான் காதில் வாங்கவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.